54 வயதில் கணிதம் படிக்க எழுந்த ஆசை நிலைக்குமா?

கேள்வி
எழுதியவர்: காகித முக்கோணம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. கணக்குப் பதிவுப் பணியில் 29 ஆண்டுகளாக இருக்கிறேன். வரவையும் செலவையும் எழுதி, கூட்டி, சரிபார்த்து, ஆண்டு முடிவில் அறிக்கை தயாரிப்பது என் வேலை. எண்களோடு இவ்வளவு காலம் புழங்கியவளுக்குக் கணிதம் தெரியாமல் இருக்குமா என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதங்களுக்கு முன் ஓர் இரவில் அந்த நினைப்பு போய்விட்டது.

அன்று பழைய தாள்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்ததால், காரணம் எதுவுமின்றி ஒரு தாளை முக்கோணமாக வெட்டினேன். மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வரவே, மூன்று மூலைகளையும் கிழித்தெடுத்து, முனைகள் ஒன்றையொன்று தொடும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடியில் ஒரு நேர்கோடு அமைந்தது. அடுத்த முக்கோணத்தை வேண்டுமென்றே கோணலாக, ஒரு மூலை ஊசிபோல் நீண்டிருக்கும்படி வெட்டினேன். அதற்கும் நேர்கோடுதான். எட்டு முக்கோணங்களை வெட்டி முடித்தபோது மணி ஒன்றரை. ஒவ்வொரு முறையும் ஏன் இப்படி அமைகிறது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. பள்ளியில் இதே தேற்றத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய நாளிலும் என்னிடம் விடை இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து கணிதத்தை அடியிலிருந்து படிக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இணையத்தில் இரண்டு பாடத்திட்டங்களில் சேர்ந்தேன். ஒன்றில் மூன்றாம் பாடத்தோடும் மற்றொன்றில் ஐந்தாம் பாடத்தோடும் நின்றுவிட்டேன். இரவு படித்தது காலையில் நினைவில் இல்லை. அரை மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடுகிறது. வீட்டில் எவரும் தடுக்கவில்லை, ஆனால் "ஐந்தில் வளையாதது" என்று ஒருவர் தொடங்க, மீதியை மற்றவர் சிரித்துக்கொண்டே முடிக்கிறார்.

இந்த வயதில் புதிதாகக் கற்பது உண்மையிலேயே கடினமா, அல்லது நான் படிக்கும் முறை தவறா? இன்னொரு ஐயமும் இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட சலிப்புதான் கல்வி ஆசை என்று வேடம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறதோ?


மறுமொழி 1
எழுதியவர்: ஆறாம் வேற்றுமை

வணக்கம் அம்மா. நான் 61ஆம் வயதில் ருஷ்ய மொழி கற்கத் தொடங்கியவன்; இப்போது 66. என் அனுபவத்தில் இருந்து சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

கடினமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வகைகளில் கடினம்தான். அதை மறைத்து ஊக்கமூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ருஷ்ய மொழிக்கு 33 எழுத்துகள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டேன், ஆறு வாரங்கள் ஆயின. புது வடிவ எழுத்துகள் என்னைத் தொல்லைப்படுத்தவில்லை. ஆங்கிலத்தின் 'பி' போல எழுதப்பட்டு 'ர்' என்று ஒலிக்கும் எழுத்தும், 'எச்' போல எழுதப்பட்டு 'ந்' என்று ஒலிக்கும் எழுத்தும்தான் என்னை வாட்டின. ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணுக்குப் பழகிய ஒலி முந்திக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். இளைஞராக இருந்தாலும் இந்த இடறல் நேரும், ஆனால் அவர்களுக்கு விரைவில் விலகிவிடும்.

பிறகு இலக்கணம் வந்தது. ருஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் உண்டு. இணையவழி வகுப்பில் என்னோடு படித்த இளைஞர்கள், பெயர்ச்சொல்லின் கடைசி ஏன் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுகிறது என்று புரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். "மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு" என்று எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் ஒப்பித்திருந்த எனக்கு அது பழைய வீட்டின் பின்கட்டுக்குள் நுழைவது போலிருந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த எட்டு வேற்றுமைகளுக்கு நன்றி சொன்னேன்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்திருக்கிறார். முன்பின் அறியாத ஒன்றை விரைந்து பிடித்துக்கொள்ளும் திறன் ஒன்று. வாழ்நாள் முழுவதும் சேர்ந்து திரண்ட அறிவைப் பயன்படுத்தும் திறன் மற்றொன்று. முதலாவது இளமையிலேயே மெல்லக் குறையத் தொடங்கும். இரண்டாவது வயதேற ஏற நெடுங்காலம் வளரும். சொல்வளம் அறுபது வயதைக் கடந்த பிறகு உச்சத்தைத் தொடுவதாக 2015இல் வெளியான ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் ஆகியோரின் பெரிய ஆய்வு காட்டியது. 29 ஆண்டுகள் எண்களைச் சரிபார்த்த உங்கள் கைக்கு ஒரு பொறுமை இருக்கும். எங்கே தவறியது என்று வரிவரியாகப் பின்னோக்கித் தேடும் அந்தப் பழக்கம் பதினாறு வயது மாணவரிடம் இருப்பதில்லை.

மறதியைப் பற்றி. ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, மறதி எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதை 1885இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 35. படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள் போய்விடுவது எல்லா வயதினருக்கும் பொதுவானது. 20 வயதில் நாம் அதைக் கவனிக்கவில்லை, இப்போது ஒவ்வொன்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதோடு, இரவு படித்ததை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்பிகி என்ற இருவர் மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்கச் செய்து, ஒரு சாராரை மீண்டும் படிக்கவும், மற்றவர்களைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இதை அறிந்த பிறகு நான் புத்தகத்தை மூடிவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்க்கிறேன். பாதி வராது. வராத பாதியை மட்டும் திறந்து பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் எழுதுகிறேன். எரிச்சலூட்டும் வேலைதான், ஆனால் அப்படி எழுதிய சொற்கள்தான் என்னிடம் தங்கியிருக்கின்றன.

கண் சோர்வுக்கு விளக்கை மாற்றுங்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணை எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு மூளை மந்தமாகிவிட்டது என்று நான் வருந்திய பல மாலைகளில், உண்மையில் மேசை விளக்குதான் மங்கலாக இருந்தது. கண்ணாடியின் அளவையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: மைப்புள்ளி

முந்தைய மறுமொழியை மதிக்கிறேன். ஆனால் கேட்டவரின் கடைசி ஐயத்தை அது தொடாமலே போய்விட்டது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்த ஆசை இத்தனை ஆண்டுகள் எங்கே போயிருந்தது? என் கருத்து இதுதான்: கற்றலுக்கு நாம் கூலி வாங்கப் பழகிவிட்டோம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். தாமாகவே விரும்பிப் படம் வரையும் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவதாகச் சொல்லி, அவ்வாறே தந்தார்கள். ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண நாளில், அந்தக் குழந்தைகள் படம் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. பரிசை எதிர்பாராமல் திடீரென்று பெற்ற குழந்தைகளுக்கு அப்படி நேரவில்லை. நமக்கோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் மதிப்பெண், அதன்பின் முப்பது ஆண்டுகள் சம்பளம். அந்தத் தங்க முத்திரை நம் மேல் எத்தனை முறை குத்தப்பட்டிருக்கும்!

ஆகவே, அம்மா, பாடத்திட்டங்களை நீங்கள் பாதியில் விட்டதில் எனக்கு வியப்பில்லை. முக்கோணம் வெட்டிய இரவில் உங்களுக்கென்று ஒரு கேள்வி இருந்தது. பாடத்திட்டத்தில் சேர்ந்த மறுநாளே அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, வேறொருவர் அடுக்கி வைத்த வரிசையில், எத்தனை விழுக்காடு முடித்திருக்கிறீர்கள் என்று காட்டும் பச்சைக் கோட்டின் பின்னே நடக்கத் தொடங்கிவிட்டீர்கள். வேலைக்குப் போவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

இன்னொரு வகைக் கூலியும் இப்போது பரவலாகிவிட்டது: "படித்தால் மூளைக்கு நல்லது, மறதி நோய் வராது" என்ற பேச்சு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. டெனிஸ் பார்க் என்பவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 60 முதல் 90 வயது வரையிலானவர்கள் மூன்று மாதங்களுக்கு வாரம் சுமார் 15 மணி நேரம் எண்ணிமப் புகைப்படக் கலையையோ துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் கலையையோ கற்றார்கள்; கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தவர்களைவிட அவர்களின் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. ஆயினும் வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். மருந்து குடிப்பதுபோல் முகம் சுளித்துக்கொண்டு எவராலும் அவ்வளவு நேரம் தைக்க முடியாது. உடல்நலத்துக்காகக் கணிதம் படிக்காதீர்கள். அது நடைப்பயிற்சியை விடவும் சீக்கிரம் கைவிடப்படும்.

சலிப்புதான் வேடம் போட்டிருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கலாம், இருந்தால் என்ன? எந்த வாசல் வழியாக வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் வந்தது திரும்பிப் போய்விடும்.


மறுமொழி 3
எழுதியவர்: திறக்காத பெட்டி

வெற்றி பெற்றவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் கேட்டவருக்கு முழுப் படம் கிடைக்காது என்பதால், தோற்றவன் நான்கு வரிகள் எழுதுகிறேன். 57 வயதில் வயலின் கற்க ஆசைப்பட்டேன். முதல் வாரம் வயலின் வாங்கினேன். இரண்டாம் வாரம் அதைவிட நல்ல வில், தாளங்காட்டும் கருவி, குறிப்பேடுகள், நான்கு பயிற்சி நூல்கள். ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டினேன். பாதியில் நின்றவனுக்கு அவர்கள் ஒரு காசும் திருப்பித் தரவில்லை, கேட்கவும் எனக்கு வாயில்லை. ஒவ்வொரு பொருளை வாங்கும்போதும் கொஞ்சம் கற்றுவிட்டது போன்ற நிறைவு வந்தது. அந்த நிறைவிலேயே ஆசை கரைந்துபோயிற்று என்று இப்போது தோன்றுகிறது. உங்களிடம் தாளும் கத்தரிக்கோலும் இருந்தபோது நீங்கள் இரவு ஒன்றரை மணி வரை விழித்திருந்தீர்கள். மேற்கொண்டு எதையும் வாங்கிவிடாதீர்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: கரும்பலகை

நான் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு மன்னிப்பு: விடை தெரியாமலே முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்களுக்கு அந்த மதிப்பெண்ணைப் போட்ட கைகளில் என் கையும் ஒன்று.

"அடியிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் கணிதத்துக்குத் திரும்பும்போது செய்யும் முதல் பிழை அதுதான் என்பது என் கருத்து. முதல் வகுப்பிலிருந்து படியேறி வர எண்ணுவார்கள். தெரிந்ததையே மூன்று வாரம் படித்து அலுத்துப்போய், தெரியாதது வரும் இடத்துக்கு முன்பே நின்றுவிடுவார்கள். உங்கள் கேள்வியின் மேலேயே நின்றுகொள்ளுங்கள். அது எந்த இடத்தில் உங்களைக் கீழே இறங்கச் சொல்கிறதோ அங்கே மட்டும் இறங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள். இறங்கும் இடம் பெரும்பாலும் பின்னமாகவோ எதிர்ம எண்ணாகவோ இருக்கும். ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு வருவது ஏன் என்று கேட்டால், "தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்" என்பார்கள். ஒன்றுக்குள் எத்தனை அரைகள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி என்று சொன்னதும் நாற்பது வயதுக்காரர்கள் பலர் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

இனி உங்கள் முக்கோணத்துக்கு வருவோம். எட்டு முக்கோணங்களை வெட்டினீர்கள். எண்ணாயிரம் வெட்டினாலும் ஒன்பதாவதைப் பற்றி, அல்லது எண்ணாயிரத்து ஒன்றாவதைப் பற்றி, உங்களால் உறுதி சொல்ல முடியாது. மேலும் தாளில் அரைப் பாகை பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. எல்லா முக்கோணங்களுக்கும் ஒரே அடியில் விடை வேண்டும் என்றால் ஒரு கோடு போதும்: முக்கோணத்தின் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். அதன்பின் உச்சியில் எத்தனை கோணங்கள் உருவாகியிருக்கின்றன, அவற்றுள் எது கீழே உள்ள எந்தக் கோணத்துக்குச் சமம் என்று மட்டும் பாருங்கள். மீதியை நான் எழுதப்போவதில்லை. இது யூக்ளிடின் முதல் நூலில் 32ஆவதாக வரும் தேற்றம். சுமார் 2,300 ஆண்டுகளாக மக்கள் இதைத் தாமாகக் கண்டுபிடித்து மகிழ்ந்து வருகிறார்கள், உங்கள் பங்கை நான் ஏன் பறிக்க வேண்டும்?

முடிந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வெறுந்தாளில் மீண்டும் எழுதிப் பாருங்கள். அதுவும் வந்துவிட்டால் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, தாளுக்குப் பதிலாகப் பந்தின் மேல் ஒரு முக்கோணம் வரையுங்கள். பந்தின் மேல் நேர்கோடு எது என்ற கேள்வி வரும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் வழியே நேர்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முக்கோணமாக வரைவது நல்லது.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: காகித முக்கோணம்

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன்.

விளக்கை மாற்றினேன். ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது. இவ்வளவு எளிய காரணத்துக்காக மூன்று மாதம் என்னையே நொந்துகொண்டிருந்தேன் என்பது வெட்கமாக இருக்கிறது. இரண்டு பாடத்திட்டங்களையும் விட்டுவிட்டேன்.

கரும்பலகை ஐயா சொன்ன கோட்டை வரைந்த முதல் மாலை எதுவும் தோன்றவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அடிப்பக்கத்தின் இரண்டு கோணங்களும் அந்த இணைகோட்டின் மேலே போய், உச்சிக் கோணத்துக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டது மனத்தில் தெரிந்தது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று எப்போதோ படித்தது அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றும் சேர்ந்து நேர்கோடு. நான் கிழித்து அடுக்கிய காகிதத் துண்டுகள் செய்ததும் இதே வேலைதான்! பேருந்து வந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வெறுந்தாளில் எழுதிப் பார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன், பார்க்காமலே சரிசெய்தேன்.

நேற்று ஒரு ரப்பர் பந்தை எடுத்தேன். உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பந்தின் நடுச்சுற்று வரை நூலைப் பிடித்து ஒரு கோடு இறக்கினேன். நடுச்சுற்றோடு கால் பங்கு தூரம் சென்று, அங்கிருந்து மீண்டும் உச்சிக்கு ஒரு கோடு. மூன்று மூலைகளையும் பார்த்தால் மூன்றும் செங்கோணங்கள். கூட்டினால் 270. கோணமானியை வளைத்து வைத்து நான்கு முறை அளந்தேன். ஐயா, நிரூபித்த தேற்றம் எப்படிப் பொய்யாகும்?


எழுதியவர்: கரும்பலகை

பொய்யாகவில்லை. உங்கள் நிரூபணத்தின் முதல் வரியில் என்ன செய்தீர்களோ, அதைப் பந்தின் மேல் செய்து பாருங்கள்.


எழுதியவர்: காகித முக்கோணம்

செய்து பார்த்தேன், ஐயா. முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

உச்சிப் புள்ளி வழியாக, நடுச்சுற்றுக்கு இணையாக ஒரு கோடு வேண்டும். உச்சியிலிருந்து நூலை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது நேராகக் கீழே இறங்கி நடுச்சுற்றைப் போய் வெட்டுகிறது. நடுச்சுற்றைத் தொடாத கோடு ஒன்றாவது வேண்டும் என்று, உச்சிக்குச் சற்றுக் கீழே வட்டமாகச் சுற்றி வரைந்து அதன் மேல் நூலை வைத்து இழுத்தேன். நூல் அங்கே நிற்க மறுத்து மேல்நோக்கி வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படியானால் நீங்கள் சொன்ன விதிப்படி அந்த வட்டம் நேர்கோடு அல்ல. பந்தின் மேல் இணைகோடே கிடையாது. கோடு இல்லையென்றால் என் நிரூபணத்துக்கு நிற்க இடமில்லை. பள்ளியில் படித்த தேற்றத்தின் தொடக்கத்தில் "தட்டையான தளத்தில்" என்று சொல்லாமல் விட்டிருந்தது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

மற்றொன்றையும் கவனித்தேன். பந்தில் மிகச் சிறிய முக்கோணம் வரைந்தால் கூட்டுத்தொகை 180ஐ ஒட்டியே வருகிறது; பெரிதாக வரைய வரைய ஏறுகிறது. கூடுதலாக வரும் பாகைகள் முக்கோணத்தின் பரப்பளவைப் பொறுத்து ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தயவுசெய்து எவரும் விடையை எழுதிவிட வேண்டாம். திறக்காத பெட்டி அவர்கள் மன்னிக்க வேண்டும், பழைய பந்தில் வரைய இடம் தீர்ந்துவிட்டதால் இன்னொரு பந்து மட்டும் வாங்கியிருக்கிறேன்.